வாசலில் ஒரு நிமிட அழுகை

மதிப்பும் அன்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் தன் கைப்பட எழுதுவது. நான், உங்கள் மகள், என் முழங்கால் ஆகிய மூவரில் முதல் இருவர் நலம். வெளியூர் வேலையில் நீங்களும் என் மகளும் நலமாயிருக்க வேண்டும்.

இங்கே மழலைப் பள்ளியில் ஒரு விதி உண்டு. புதிதாகச் சேர்ந்த பிள்ளை அழுதால், அழுகை நிற்கும்வரை வீட்டார் ஒருவர் பின்வரிசையில் உட்காரலாம். உங்கள் மகள் நாலாம் நாளே நிறுத்திவிட்டாள். வகுப்பில் அப்போது 'ஈ' வரைதான் வந்திருந்தது. எழுபத்தொரு வருஷம் கைநாட்டாக இருந்தவன் ஈயோடு எழுந்து போவது எப்படி? அதனால் அவளிடம், "காலையில வாசல்ல ஒரே ஒரு நிமிஷம் அழு கண்ணு, சாயங்காலம் தாத்தா யானை ஆகறேன்" என்றேன். எட்டு மாதம் அவளும் வாக்குத் தவறவில்லை, யானையும் தவறவில்லை, முழங்கால்தான் போயிற்று. போன திங்கட்கிழமை என் கையை உதறிவிட்டு, "எனக்கு அழுகை வரல, நீயே அழு தாத்தா" என்று உள்ளே ஓடிவிட்டாள். வேறு வழி தெரியாமல் அழுதேன். பழக்கமில்லாததால் சத்தம் கூடிவிட்டது. அங்கே யாரையும் திட்டமாட்டார்கள். டீச்சர் என்னைக் குட்டி நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு, முகங்கள் வரைந்த நாலு அட்டைகளை நீட்டி, "இப்ப உங்களுக்கு எது மாதிரி இருக்கு? கோபமா, பயமா?" என்றார். திருட்டு முழி இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. அதற்குள் உங்கள் மகள், "டீச்சர், தாத்தாதான் தெனமும் என்னை அழச் சொல்லுவாரு!" என்று போட்டு உடைத்தாள். அமைதி மூலைக்கு அனுப்பப்பட்டேன். இல்லாத பூவை மோந்து, இல்லாத மெழுகுவத்தியை ஊதிப் பத்து முறை மூச்சு விட்டேன். ஒரு பொடியன் வந்து முதுகில் தட்டி, "சரியாயிடும், மொதல்ல எல்லாருக்கும் இப்படித்தான்" என்றான்.

கடைசியில் டீச்சர், "பிள்ளை நல்லா பழகிட்டா தாத்தா. இனிமே நீங்க வாசலோட போயிடலாம். துணை வேணும்னா அவங்க அப்பா கடிதம் குடுக்கட்டும்" என்றார்.

ஆகவே, 'என் மகள் தாத்தா இல்லாமல் இருக்கமாட்டாள்' என்று ஒரு வரி எழுதி அனுப்பவும். யார் இல்லாமல் யார் என்பதில்தான் சிறு பொய். வகுப்பில் படிக்கும் கதைப்புத்தகத்தில் இன்னும் பதினோரு பக்கம் பாக்கி. அதில் வரும் கரடி வீடு போய்ச் சேரவில்லை.

என் மகளுக்கு ஆசி. இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
பின்வரிசை மாமனார்

பி.கு.: எழுதி முடித்த சந்தோஷத்தில் முதல் ஆளாக டீச்சரிடமே காட்டிவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டு, "ஒரு பிழைகூட இல்லியே! இவ்வளவு எழுதறவருக்கு இங்க என்ன வேலை?" என்கிறார். ஆகையால், இந்தக் கடிதத்தை எழுதியது பக்கத்து வீட்டுக்காரர் என்று இன்னொரு வரியும் சேர்க்கவும்.