எலெக்சன் சாமியின் தலைமுடி

வேட்புமனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள். மதியம். என் இட்லிக் கடையில் இருந்தவர்கள்: நான். ரைஸ்மில் அம்மாவின் தம்பி, கையில் ஆப்பிளும் புடவையும் வைத்த தாம்பாளத்தோடு. ரைஸ்மில் அம்மா, வெளியே காருக்குள், கண்ணாடியை இறக்காமல். பெஞ்சின் ஓரத்தில் எலெக்சன் சாமி, தன் முடியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு. சாமியின் சம்சாரம் சரோஜா அண்ணி மட்டும் இல்லை. அவர் அரக்கோணத்தில் இருந்தார். அவர் இல்லாததால்தான் இத்தனை பேர் கூடியிருந்தோம்.

"அக்கா, மூணு மணிக்குள்ள ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்து போட்டுடு. உனக்கு இன்னா வேணும், சொல்லு" என்றார் தம்பி.

"ஓட்டு எண்ணணும்" என்றேன்.

"எண்ணி? நீ ஜெயிக்கப் போறியா?"

"இல்ல."

அவர் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

விஷயத்தைச் சொல்கிறேன்.

திருத்தணி மலைக்கு வருகிறவர்கள் முருகனிடம் பிள்ளை கேட்பார்கள். வேலை கேட்பார்கள். கல்யாணம் கேட்பார்கள். நகராட்சித் தேர்தல் கேட்டு அழுதவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருக்காரர், இந்த எலெக்சன் சாமி அண்ணன்.

மலை மேல், மொட்டை போடும் மண்டபத்துக்கு வெளியே, அவர் சந்தனம் விற்றார். சிரைத்த தலையோடு வருகிறவர்களை நிறுத்திக் குளிரக் குளிரப் பூசிவிடுவார். சந்தனம் அரைத்துக் கரைத்துக் கொடுப்பது அண்ணி. என் வீட்டுக்காரர் செத்தபோது காரியம் முடியும்வரை இரண்டு பேரும் என் வீட்டிலேயே இருந்தார்கள். அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டார். அவர் ஒன்றும் பேசாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

மற்ற நேரமெல்லாம் வார்டு பேச்சுத்தான். எங்கள் வார்டின் தேர்தல் கதை சின்னது. டவுன் பஞ்சாயத்தாக இருந்தபோது சைக்கிள் கடைக்காரர் ஜெயித்தார். எது கேட்டாலும் "ஆவட்டும், ஆவட்டும்" என்று காற்றடித்துக்கொண்டே இருந்தார். அடுத்தவர் ஜெயித்த கையோடு சென்னைக்குக் குடி போனார். ஒரு கையெழுத்துக்கு நாங்கள் ரயிலேற வேண்டியிருந்தது. ஒரு தடவை இரண்டு பேருக்கும் சமமாக ஓட்டு விழுந்து சீட்டுக் குலுக்கினார்கள். தோற்றவர், குலுக்கினது சரியில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு நகராட்சி ஆனோம். வார்டு எல்லைக் கோட்டை மாற்றிப் போட்டார்கள். ஒரு தேர்தலில் எங்கள் தெரு மலைப் பக்கத்தோடு ஓட்டுப் போட்டது. மறு தேர்தலில் ஸ்டேஷன் பக்கத்தோடு போட்டது. யார் யாரோ ஜெயித்தார்கள். தெருவில் சாக்கடைக் கால்வாய் மட்டும் வரவில்லை.

எல்லாத் தேர்தலிலும் இவர் யாருக்காவது பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்த ஆள் தோற்பார். ஒரு கட்டத்தில், "அண்ணா, எதிராளிக்குப் போய் உட்காருண்ணா" என்று வேட்பாளர்களே கெஞ்ச ஆரம்பித்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த தேர்தல் அறிவித்ததும் தானே மனுப் போட்டார்.

போட்டுவிட்டு மலை ஏறினார். வேண்டுதலைச் சத்தமாகச் சொன்னாராம். "முருகா, நம்ம வார்டுல ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் என் தலைல கத்தி படாது. எண்ணின அன்னிக்கே, ஜெயிச்சாலும் தோத்தாலும், முடி உனுக்கு."

"தோத்தாலுமா?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சாத்தான்னு சொன்னா அவனுக்கு முடி எங்க கிடைக்கப் போவுதும்மா?" என்றார். தன்னைப் பற்றி அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஒரு மாசத்து முடி என்பது அவர் கணக்கு. அந்த வாரமே கோர்ட்டில் கேஸ் என்றார்கள். தேர்தல் ரத்து என்றார்கள். இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வருஷங்கள் போயின. முடி காதைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. முதுகில் இறங்கியது. தாடி நெஞ்சுக்கு வந்தது.

நடுவில் எம்.பி. எலெக்சன் வந்தது. "ஓட்டு எண்ணிட்டாங்கண்ணா, தலைய குடு" என்றார் மலையில் மொட்டை போடுகிறவர். அவர் இவருக்கு ரொம்ப வருஷத்துச் சிநேகிதர்.

"அது நம்ம வார்டு இல்ல."

பள்ளிப்பட்டுப் பக்கம் கிராமங்களுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. டவுனுக்கு நடக்கவில்லை. இவர் பஸ் ஏறிப் போய் அவர்கள் எண்ணுவதை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பந்தியை எட்டிப் பார்த்தவர் மாதிரி இருந்தது முகம்.

"வேண்டுதல மாத்திக்கோயேன். அதுக்குப் பதிலா ஒரு பால்குடம் எடுத்துடு" என்றார் மொட்டை போடுகிறவர்.

"எலெக்சனத்தான் கோர்ட்டுல போயி நிறுத்துவாங்க. வேண்டுதல எந்தக் கோர்ட்டுல போயி நிறுத்தறது?"

சிநேகிதர் கத்தியைத் துடைத்து உள்ளே வைத்தார்.

வியாபாரம் படுத்தது. மொட்டைத் தலைக்குச் சந்தனம் விற்கிறவருக்கு இடுப்பு வரைக்கும் ஜடை. "உன் தலைக்கு எப்ப சாமி?" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்கள். கொரோனா காலத்தில் முடி வெட்டும் கடையெல்லாம் மூடிக் கிடந்தது. தெருவில் எல்லா ஆம்பளைகளும் அவர் மாதிரி ஆனார்கள். அந்தக் கொஞ்ச நாள்தான் அவர் நிம்மதியாக வெளியே நடந்தார்.

அண்ணி பொறுத்துப் பார்த்தார். "ராத்திரி திரும்பிப் படுத்தா கரடி படுத்துகினு கீற மாதிரி கீது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்த வரைக்கும் பரவாயில்லை.

ஒரு நாள் ஆந்திராவிலிருந்து வந்த புருஷனும் பெண்சாதியும் மலையில் இவரைப் பார்த்து நிஜமான சாமியார் என்று நினைத்துவிட்டார்கள். பின்னாலேயே வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் விழுந்து, "சாமீ, தீவிஞ்சண்டி" என்று ஆசீர்வாதம் கேட்டார்கள். கல்யாணமாகிப் பல வருஷமாம். பிள்ளை இல்லையாம். இவர் என்ன செய்வார்? சந்தனம் பூசிப் பழகின கை. அந்தப் பெண்ணின் நெற்றியில் கொஞ்சம் பூசி, "நல்லதே நடக்கும்மா. ஓட்டு மட்டும் போடாம இருக்காதே" என்றார்.

அவர்கள் போனதும் அண்ணி கேட்டார். "நமக்கே இல்ல. நீ யாருக்குய்யா வரம் குடுக்கற?"

அவர் சந்தனக் கையை வேட்டியில் துடைத்தார்.

அண்ணி பையை எடுத்தார். "அந்த முடி என்னிக்குப் போவுதோ அன்னிக்கு வரேன்." அரக்கோணத்தில் தாய்வீடு. சாயந்திர ரயிலில் போய்விட்டார். என் கடைக்கு மாவு ஆட்டிக் கொடுத்ததும் அவர்தான். மறுநாள் என் இட்லி கல்லாக இருந்தது.

அதன் பிறகு அண்ணன் திங்கட்கிழமை தவறாமல் குறைதீர் நாளுக்குப் போனார். மனுவில் இப்படி எழுதியிருந்தது: 'என் மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள். ஆகவே நகராட்சித் தேர்தலை விரைந்து நடத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

அதிகாரி இரண்டு முறை படித்தார். "குடும்பப் பிரச்சினைன்னா மகளிர் ஸ்டேஷனுக்குப் போப்பா."

"போனேன் சார். எலெக்சன் எங்ககிட்ட இல்லன்னுட்டாங்க."

ஒருவழியாகத் தேர்தல் வந்தது. அவர் தெருவில் ஓடி வந்து சொன்னார். ஓடும்போது முடி பின்னால் தனியாக ஓடியது. மாலையில் இன்னொரு செய்தி வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு. அவர் நிற்க முடியாது.

"பரவால்ல. யாரு நின்னா இன்னா, எண்ணுவாங்க இல்ல?" என்றார்.

அதற்கும் இடைஞ்சல் வந்தது. தெருப் பெரியவர்கள் கூடிப் பேசி, ரைஸ்மில் அம்மாவே வரட்டும், வேறு யாரும் நிற்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எங்கள் வார்டில் முதல்முறையாக எல்லோருக்கும் ஒரே எண்ணம். அந்த அம்மா நல்ல மனுஷி. கால்வாய் போடுவதாகச் சொல்லியிருந்தார். சொன்னால் செய்வார்.

ஆனால் ஒரே ஆள் நின்றால் ஓட்டே கிடையாது. ஓட்டு இல்லையென்றால் எண்ணிக்கை கிடையாது.

அண்ணன் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். இட்லி வைத்தேன். தொடவில்லை.

"இன்னும் அஞ்சு வருசம்மா. அதுக்குள்ள நானோ அவளோ..." என்றார்.

மறுநாள் நான் மனுப் போட்டேன். முன்மொழிந்தவர் அவர்.

இப்போது தாம்பாளத்துக்கு வருகிறேன். தம்பி சொல்லச் சொல்ல நான் மாட்டேன் என்றேன். கடைசியில் கார்க் கதவு திறந்தது. ரைஸ்மில் அம்மா இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"உனுக்கு என் மேல இன்னாடி கோவம்?"

"ஒண்ணுமில்ல. நானும் சொல்லிடறேன், எல்லாரும் உங்களுக்கே போடட்டும். எண்ணினாப் போதும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பெஞ்சு ஓரத்தைப் பார்த்தார். மடியில் இருந்த முடியை வெகு நேரம் பார்த்தார்.

"சரோஜா இன்னும் அரக்கோணத்துலதான் கீறாளா?"

"ஆங்" என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

அம்மா எழுந்தார். "டேய், வண்டிய எடு. எதிர்ல ஆளே இல்லாம ஜெயிச்சா என் வூட்டுக்காரரே மதிக்க மாட்டாரு."

தம்பி தாம்பாளத்தைத் தூக்கினார். "ஆப்பிள் இருக்கட்டும்டா" என்றார் அம்மா.

எனக்குக் கொடுத்த சின்னம் கத்தரிக்கோல். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "முருகனே கையெழுத்து போட்டுட்டான்" என்றார். நான் வீடு வீடாகப் போய் எனக்குப் போடாதீர்கள் என்று சொன்னேன். எங்கள் தெருவில் சொன்னதைக் கேட்கிற வழக்கம் கிடையாது. அதனால் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

ஓட்டுப் பதிவு அன்று காலை அரக்கோணம் ரயிலில் அண்ணி வந்து இறங்கினார். அவர் பெயர் இன்னும் எங்கள் வார்டில்தான் இருந்தது. பெண்கள் வரிசையில் நின்றார். ஆண்கள் வரிசையில் அண்ணன், முடியைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஓட்டுப் போட்டுவிட்டு அண்ணி என் கடைக்கு வந்தார். இரண்டு இட்லி சாப்பிட்டார். அடுத்த ரயிலில் போய்விட்டார்.

அண்ணன் ஓடி வந்தார். "இன்னா சொன்னா?"

"சட்னில உப்பு கம்மின்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"உப்பு கம்மின்னாளா..." என்று சொல்லிக்கொண்டே போனார். சந்தோஷமாக இருந்த மாதிரி தெரிந்தது.

எண்ணும் நாள். எங்கள் வார்டின் முறை சீக்கிரமே வந்து சீக்கிரமே முடிந்தது. நான் வெளியே வந்தேன்.

"முடிஞ்சிதா?" என்றார் அண்ணன்.

"முடிஞ்சிது."

"முழுசா எண்ணிட்டாங்களா?"

"முழுசா."

யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவில்லை. நேராக மலைக்கு நடந்தார்.

சிநேகிதர் கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். முதலில் கத்தரிக்கோலால் வெட்டி, பிறகுதான் சிரைக்க முடிந்தது. முடி முழுதும் இறங்கியபோது உள்ளே இருந்தது ஒரு சின்ன மனுஷன். தாடி போன கன்னம் வெளுத்துக் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்தார். மண்டபத்து வாசலில் அண்ணி நின்றிருந்தார். கையில் டிபன் பாக்ஸ். அரக்கோணத்திலேயே அரைத்துக் கொண்டு வந்த சந்தனம்.

"இன்னாய்யா, தலை இவ்ளோ சின்னதாயிடுச்சி?"

"நீ போனப்புறம் சோறு சரியில்ல" என்றார்.

அண்ணி அவரை உட்கார வைத்து உச்சியிலிருந்து பூசினார். எத்தனையோ தலைக்குப் பூசினவர், தன் தலைக்குப் பூசும்போது சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

இப்போது அவர் மாசா மாசம் முடி வெட்டிக்கொள்கிறார். மலையில் முருகன் முன்னால் நிற்கும்போது அண்ணி பக்கத்திலேயே நிற்கிறார், அவர் வாயைத் திறந்து இன்னொரு வேண்டுதல் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள. கால்வாய் வந்துவிட்டது. ரைஸ்மில் அம்மா சொன்னதைச் செய்தார். என் இட்லியும் சரியாகிவிட்டது.

எங்கள் தெரு அந்த ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டது. எனக்கு வர வேண்டியது இரண்டு ஓட்டு. என்னுடையது ஒன்று. அண்ணனுடையது ஒன்று.

எண்ணிக்கையில் வந்தது மூன்று.