டைப்-சி அண்ணன் தேடிய போன்

காஞ்சிபுரத்தில் செல்போன் வைத்திருந்த மனிதர் எவரும் டைப்-சி அண்ணனிடமிருந்து தப்பியதில்லை. சன்னதித் தெரு தேங்காய்க் கடைக்காரர், பஸ் ஸ்டாண்டு பழ வண்டிக்காரர், கல்யாண வீட்டில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா என்று யாராக இருந்தாலும், "ஒரு நிமிஷம் போனக் குடுபா, சொருகிப் பாத்துட்டுத் தரேன்" என்று கையை நீட்டிவிடுவார்.

அவர் போன் ரிப்பேர்காரர் இல்லை. ரத்தம் எடுப்பவர். நான் ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்த லேபில் அவர்தான் டெக்னீஷியன். ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசியைக் குத்தி, சிரிஞ்சில் ரத்தம் ஏறத் தொடங்கிய பிறகுதான் கேட்பார்.

"உங்க போன் டைப்-சியா?"

ஊசி கையில் இருக்கும்போது யார்தான் மறுக்க முடியும்? பட்டு நெய்கிற பெரியவர் ஒருவர் மட்டும், "யோவ், ஒரு கைய நீ புடிச்சுக்கினு கீற. இன்னொரு கையால நான் போன எடுத்துக் குடுக்கணுமா? தறியில உக்காந்தாகூட இவ்ளோ வேல இல்லபா" என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டபடியே கொடுத்தும் விட்டார். இன்னொரு அம்மா வீட்டுக்குப் போய், "எனக்கு ரத்தம் சி டைப்பாம்" என்று சொல்லி அழுததில், அவருடைய மகன் பதறிக்கொண்டு லேபுக்கு ஓடி வந்தார். பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

எல்லாம் ஒரு கறுப்புப் பெட்டிக்காக. கலைந்துபோன மெல்லிசைக் குழு ஒன்றிடமிருந்து பழையதாக வாங்கியது. ஒரு பக்கம் மைக்கையும் மறுபக்கம் போனையும் சொருகினால், ஸ்டூடியோவில் பாடியதைப் போலச் சுத்தமாகப் பதிவாகுமாம். ஆடியோ இன்டர்பேஸ் என்று பெயர். லேபில் நாங்கள் பெட்டி என்றே சொன்னோம். அண்ணனுடைய போனில் அதைச் சொருகினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். 'இந்தச் சாதனம் அதிக மின்சாரம் எடுக்கிறது' என்று திரையில் வரும். பிறகு இரண்டும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ளும்.

பவர் பேங்க் வைத்துப் பார்த்தார். நான்கு பக்கமும் ஒயர் தொங்கும் ஒரு பட்டையை வாங்கி நடுவில் வைத்துப் பார்த்தார். ஒரு போனில் பாட்டுக் கேட்க முடிந்தது, பதிவாகவில்லை. இன்னொன்றில் பதிவானது, ஆனால் எண்ணெயில் அப்பளம் பொரிவது போலச் சத்தம். செல்போன் கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது கம்ப்யூட்டருக்குன்னு செஞ்சது. போனுக்கு ஒத்துவரணும்னா டிரைவர் வேணும்" என்றார்.

"டிரைவரா? நம்ம கிட்ட வண்டியே இல்லியேபா!" என்றார் அண்ணன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

லேபை நடத்திய டாக்டரம்மா ஒருநாள் பொறுமை இழந்து, "நாம ஆளுங்களுக்கு எதுக்கு டெஸ்ட் எடுக்கறோம்? போனுக்கே எடுத்துடலாமே" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். "எடுத்துக்கினுதான் இருக்கேன் மேடம். எல்லாமே நெகட்டிவ்."

இந்தப் பைத்தியம் எதற்கு என்று நான் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"உங்க அக்கா பாட மாட்டேங்குது மா."

அக்கா என்றால் அவர் மனைவி கிரேஸ். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் சர்ச் பாடகர் குழுவில் ஒரே கிறிஸ்துமஸ் பாட்டை இரண்டு குரலில் பாடப்போய், அங்கே பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அக்கா இங்கே இருந்தவரை அரிசி களைந்தாலும் பாட்டு, துணி காயப்போட்டாலும் பாட்டு. அங்கே போன பிறகு ஒரு வரி பாடவில்லை. கேட்டால், "எதுக்குப் பாடணும், யாரு கேக்கறா" என்பாராம்.

"நான் போன்ல பாடி அனுப்புனேன். கெணத்துக்குள்ள உழுந்துட்டு கூப்புடற மாதிரி இருக்குதுன்னு சொல்லிச்சு. என் பாதியத் தெளிவா, பக்கத்துல நின்னு பாடற மாதிரி அனுப்பிட்டா, அது பாதிய அதுவே பாடிடும் மா. 'உங்க பாதியக் கேட்டா என் பாதி தானா வந்துடும்'னு அதுவே முன்ன சொல்லிக்கீது."

அதற்குப் பிறகு நானும் என் சொந்தக்காரர்களின் போன்களை வாங்கி வந்து கொடுக்க ஆரம்பித்தேன்.

கடைசியில் பெட்டியை ஏற்றுக்கொண்டது ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏழுமலையின் போன். கீறல் விழுந்த, மூலை உடைந்த போன். காய்ச்சல் என்று ரத்தம் கொடுக்க வந்தவரிடம் வழக்கம்போல வாங்கிச் சொருகினார் அண்ணன். பச்சை விளக்கு எரிந்தது. "ஹலோ" என்றார். பதிவாயிருந்தது, அவ்வளவு சுத்தமாக. அண்ணன் ஏழுமலையைக் கட்டிப்பிடித்தார். சிரிஞ்சு இன்னும் கையிலேயே இருந்ததால் ஏழுமலை பயந்துபோனார்.

"இந்தப் போன எனக்குக் குடுத்துடு ஏழுமல. என்னுது புதுசு, நீ எடுத்துக்கோ."

"இன்னா சார் நீ! ஊரெல்லாம் இந்த நம்பருதான் வெச்சுக்கினு கீது. எங்க ஊட்டம்மா போட்டோ எல்லாம் இதுலதான் கீது. வேணும்னா வண்டியில வந்து பாடிக்கோ."

"நிறுத்தி வெப்பியா?"

"ஸ்டாண்டுல திட்டுவாங்க. ஓடறப்ப பாடு."

இப்படித்தான் காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் இடையே, மதிய இடைவேளையில், ஓடுகிற ஷேர் ஆட்டோவில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு பதிவானது. மாதம் சித்திரை. வெயில் மண்டையைப் பிளந்தது. மைக்கைக் கைக்குட்டையால் சுற்றி அண்ணன் பிடித்துக்கொள்ள, பெட்டி என் மடியில் சுட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு அண்ணன் குரலைக் கேட்டார்கள். ஒருவர் காலால் தாளம் போட, அதுவும் பதிவாகி, முதல் நாள் வீணானது. இரண்டாம் நாள் லாரி ஹாரன். மூன்றாம் நாள் ஏழுமலையே உணர்ச்சி தாங்காமல் கூடவே பாடிவிட்டார்.

நான்காம் நாள் எல்லாம் கூடி வந்தது. கடைசி வரி. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறார். மூலையில் இருந்த ஒரு அம்மா அலறினார்.

"யப்பா நிறுத்துபா! என் பைய ஸ்டாண்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்!"

வண்டி நின்றது. அந்த அம்மா குதித்து இறங்கி, எதிரே வந்த ஆட்டோவைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டார். அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. தொண்டையும் கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அந்த அலறலோடு அதையே அனுப்பினார்.

மறுநாள் காலை லேபில் அக்காவின் பதிலை எனக்குப் போட்டுக் காட்டினார். தழுதழுத்த குரல்: "ஏங்க, அந்தம்மாவுக்குப் பை கெடச்சுதா?"

அவ்வளவுதான். பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"வருஷம் பூரா அலைஞ்சேன் மா," என்றார் அண்ணன். "எப்டி இருந்துதுன்னு ஒரு வார்த்த சொல்லல." போனை மறுபடி காதில் வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். "அழுதிருக்குது," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பை கெடச்சுதா மா?"

எனக்கென்ன தெரியும்!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெட்டியோடு கிளம்பிவிட்டார். ஏழுமலையின் ஆட்டோவில் நானும் போனேன். அந்த அம்மா வழக்கமாக இறங்கும் இடம் ஏழுமலைக்குத் தெரிந்திருந்தது. ஐயம்பேட்டையில் இரண்டு தெரு விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். மைக்கைப் பார்த்ததும் அந்த அம்மா டிவிக்காரர்கள் என்று நினைத்துப் புடவையைச் சரிசெய்துகொண்டார். விஷயத்தைச் சொன்னதும் மைக்கை அண்ணன் கையிலிருந்து பிடுங்கியே வாங்கிவிட்டார்.

"கெடச்சுதுமா கண்ணு! பூ விக்கிறவ எடுத்து வெச்சிருந்தா. உள்ள இருந்த தக்காளிதான் நசுங்கிப்போச்சு. நீ ஒழுங்கா சாப்புடு. உங்க ஊட்டுக்காரரு எளைச்சு ஓடா போய்க்கீறாரு. சீக்கிரம் வந்துடு, இன்னா?"

இரண்டு நாள் கழித்து அக்காவின் பதில் வந்தபோது அண்ணன் ஒருவருக்கு ரத்தம் எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். போனைத் தட்டினார். முதலில் சிரிப்பு, அடக்க அடக்கப் பொங்கும் சிரிப்பு. அப்புறம் தொண்டையைச் செருமும் சத்தம். அப்புறம் பாட்டு. அக்காவின் பாதி.

லேபே நின்றுவிட்டது. டாக்டரம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவோரம் நின்றார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பாட்டு முடிந்த பிறகு, ரப்பர் பட்டை கட்டிய கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தவர் மெல்லச் சொன்னார்: "அழகா பாடறாங்க சார். கை மரத்துப்போச்சு."

அடுத்த பொங்கலுக்குள் குவைத்திலேயே ஒரு லேபில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. போகும் நாளில் லேபுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம் கடைசியாக வந்து, "வரேன் மா" என்றார்.

போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"அக்கா பாடறாங்களா ணா?"

"எங்கமா! நான் வந்ததுலேர்ந்து பேசிக்கினே கீது. பாட நேரமே இல்ல."

பின்னால் அக்கா அவரைத் திட்டுவது கேட்டது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பேசி முடித்த பிறகு, டைப் அடிக்க வேண்டிய ரிப்போர்ட்டுகள் மேசையில் அப்படியே கிடந்தன. வெகுநேரம் எனக்குக் கை ஓடவில்லை.