மேகம் நீக்கப்பட்ட படம்

பகுத்தறிவுக்கு என்று உலகில் யாராவது சிலை வைக்க நினைத்தால், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் படம் எடுக்கும் பாக் ஹெந்தர்தோவின், அதாவது ஹெந்தர்தோ ஐயாவின், மூக்கை அளவெடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் மூளையை மூடநம்பிக்கையிலிருந்து மீட்ட மகான் அவர்.

வெனிங் எழுதிய சிறுவர் நாவலைத்தான் அவர் படமாக்கினார். கதையில் ஒரு சிறுமி மேகத்தோடு பேசுவாள், சண்டை போடுவாள். கடைசியில் மேகம் மனமிரங்கி, காய்ந்த ஊரை நனைக்கும். அந்த மேகம் திரைக்கு வரப்போகிறது என்று வெனிங்கின் மகள் செகார் பள்ளி முழுக்கத் தமுக்கடித்திருந்தாள். மேகம் வராவிட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? வெனிங்குக்கு அந்த ஒரு கவலைதான்.

‘கதை மேம்பாட்டுக் குழு’ கூடியது. பொரித்த சோயாத் தெம்பே தட்டு காலியானதும் ஹெந்தர்தோ தொண்டையைச் செருமினார்.

“மேகத்துக்குக் காது இருக்கா, வெனிங் அம்மா?”

“கதைதானே, பாக்!”

“இன்னிக்குக் கதைம்பீங்க. நாளைக்குப் புள்ளைங்க பாடத்தை விட்டுட்டு வானத்தைப் பாத்துப் பேசும். யாரு பொறுப்பு? மேகத்தைத் தூக்கிடுங்க. பொண்ணு வானிலை நிலையத்துக்குப் போன் பண்ணட்டும்.”

மேகம் ‘விஞ்ஞானபூர்வமாக’ நீக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கையை வெனிங் தானே திட்டிக்கொண்டாள்.

குழு உடனே அடுத்த பொருளுக்குத் தாவியது. மழைக்காலத்தில் படப்பிடிப்பு, என்ன செய்வது? மந்திரத்தால் மழையைத் தடுத்து நிறுத்தும் பாக் சார்ஜோவை அழைப்பது என ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

முதல் நாள் காலையில் சார்ஜோ ஈர்க்குமாறைத் தலைகீழாக நட்டு, நுனிகளில் மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தினார். தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“என்னப்பா, சொன்னாக் கேக்கமாட்டியா?” மேகத்தைப் பார்த்துக் கொஞ்சினார் சார்ஜோ. “இங்க எல்லாரும் வேலை பாக்குறாங்க. நல்ல பிள்ளையா மலைப்பக்கம் போயிட்டு, சாயங்காலமா வா.”

“சனியன் பிடிச்ச மேகம்!” என்றார் ஒளிப்பதிவாளர்.

ஹெந்தர்தோ பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார். “வாயக் கழுவுய்யா! அது காதுல விழுந்தா கோவிச்சுக்கும்!”

“காது இருக்கா, பாக்?” என்றாள் வெனிங்.

“விளையாடுற நேரமா இது? மெதுவாப் பேசுங்க!”

மேகம் மலைப்பக்கம் போனது. குழு முழுவதும் அந்தத் திசையைப் பார்த்துக் கைகூப்பி நின்றது.

படம் வெளியானது. திரையில் சிறுமி போன் செய்தாள், மழை பெய்தது. செகார் கடைசிவரை திரையில் மேகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்கு அவள் அழுதே தொலைத்திருக்கலாம் என்று வெனிங்குக்கு இருந்தது. விளக்குப் போட்டதும் கூட்டம் எழுந்தது. செகார் மட்டும் உட்கார்ந்து, திரையில் ஓடிய கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: ‘எங்கள் வேண்டுகோளைக் கேட்டு விலகி நின்ற மேகங்களுக்கு நன்றி.’

நேரே ஹெந்தர்தோவிடம் ஓடினாள்.

“மாமா! அப்போ பேசினா மேகம் கேக்கும்தானே? பின்ன ஏன் படத்துல வைக்கல?”

ஹெந்தர்தோ குனிந்து, அவள் கன்னத்தை அன்போடு தட்டினார்.

“அதெல்லாம் பெரியவங்க நம்புறது, கண்ணு. குழந்தைங்க நம்பினா கெட்டுப்போயிடுவாங்க.”