சின்ன மாப்பிள்ளைக்குப் பூட்ஸ்

சேலம்
19-8-1938

எடப்பாடி மகாராஜராஜஸ்ரீ சரவணமுத்து மாமா அவர்கள் சமூகத்துக்கு, மூத்த மருமகன் தங்கமுத்து கைகட்டி நின்று எழுதிக்கொண்ட கடிதம். இவ்விடத்தில் நானும் சாலம்மாளும் குழந்தைகளும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் மேகம் கறுத்தால் சுகமில்லை. அவ்விடத்தில் தாங்களும் அத்தையும் தறியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இதைத் தங்களுக்கு வாசித்துக் காட்டும் வெற்றிலைக் கடைத் தண்டாயுதபாணி அண்ணன் நிறுத்தி நிதானமாக வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். விஷயம் கொஞ்சம் சங்கடமானது.

விஷயம் பூட்ஸ். தங்கள் சின்ன மகள் நல்லம்மாளைக் கட்டப்போகும் நாச்சிமுத்துவுக்கும், எனக்குச் செய்ததுபோலவே, கல்யாணச் சீரில் மதராசிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸ் வரவழைப்பதாகவும், அதைப் போட்டுக்கொண்டு அவன் புரட்டாசியில் புட்பால் மாட்சில் ஆடுவதைக் காணத் தாங்கள் வண்டி கட்டி வரப்போவதாகவும் எழுதச் சொல்லியிருந்தீர்கள். மாமா, அந்த மாட்சைப் பார்க்க மதராசிலிருந்து ஆள் வருகிறார்கள். பிடித்துப்போனால் அவனை அங்கே பெரிய டீமுக்குச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் மில் டீமில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், அவனைப் போல ஒருத்தன் இல்லை. அவனும் வெறுங்காலில் ஆடுகிறவன். ஆகையால் தயவுசெய்து பூட்ஸ் வேண்டாம். வேட்டி வையுங்கள், குடை வையுங்கள், வாழைப்பழம் இரண்டு சீப்பு கூடவே வையுங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். ஏழு வருஷமாகச் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். மில்லில் பேருக்குத்தான் நான் நூல் எடை போடுகிற குமாஸ்தா. வாங்கின சம்பளம் பந்துக்கு. ஜலகண்டாபுரத்தில் பத்து வயதிலிருந்து குழித்தறியில் மிதிபலகை மிதித்த கால் இது. பந்து எங்கே இருக்கிறதென்று நான் குனிந்து பார்த்ததே இல்லை, விரலே சொல்லிவிடும். எதிராளி தேடிக்கொண்டிருக்கும்போது நான் கோலுக்குப் பக்கத்தில் போயிருப்பேன். அப்படி இருக்கையில்தான் கல்யாணம் ஆகி எட்டாம் நாள் ஈரோட்டு டீமோடு பைனல் வந்தது, தாங்களும் இரண்டு வண்டி நிறைய உறவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்ததும் மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "ஏனுங் மாப்ள, பூட்ஸ ஊட்லயே மறந்துட்டு வந்துட்டீங்களே! நான் எடுத்துட்டு வந்துட்டனுங்க!" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டினீர்கள். சீர் கொடுத்த மாமனார் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதைப் போடமாட்டேன் என்று சொல்கிற மருமகன் நம் பக்கத்தில் உண்டா?

போட்டேன். கயிற்றைக் கட்டத் தெரியாமல் உள்ளே செருகிக்கொண்டேன். இரண்டு காலிலும் படிக்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவது மாதிரி இருந்தது. பத்தாம் நிமிஷம் கோலுக்கு நேரே பந்து வந்தது. உதைத்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இடதுகால் பூட்ஸ்தான் கோல்கீப்பர் தலைக்கு மேலே பறந்துபோய் வலைக்குள் விழுந்தது. தாங்கள் எழுந்து கைதட்டி, "பந்து போனா என்னுங்க, பூட்ஸு போனா என்னுங்க, உள்ள போச்சுதுங்களே!" என்று ரெபரியிடம் நியாயம் கேட்டீர்கள். ஊரே சிரித்தது. வெட்கத்தில் சட்டென்று திரும்பினேன். வலதுகால் பூட்ஸ் மண்ணில் ஊன்றி நின்றுவிட்டது, நான் மட்டும் திரும்பினேன், நடுவில் முழங்கால் முறுக்கிக்கொண்டது. அதுதான் நான் கடைசியாக ஆடின ஆட்டம்.

இரக்கப்பட்டு என்னை உதவிக் கோச் ஆக்கினார்கள். எங்கள் கோச் சுவாமிநாதன் "ஓடு" என்பார்; நான் "ஓடுங்கடா" என்பேன். பந்துக்குள் இருக்கும் பிளாடருக்குக் காற்றடிப்பேன், இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்குவேன், கோச்சுக்குக் குடை பிடிப்பேன். கோட்டோரம் பந்து உருண்டு வந்தால் பாழாய்ப்போன இந்த இடதுகால் தானாக எழுந்துவிடுகிறது. போன மாதம் எலுமிச்சம்பழக் கூடையையே உதைத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நாச்சிமுத்து மட்டும் சிரிக்காமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மாமா. தாங்களோ அடி பிய்ந்த அந்தப் பழைய ஜோடிக்கு எண்ணெய் போட்டு நடையில் மாட்டி, "இதப் போட்டுத்தானுங்க எங்க பெரிய மாப்ள கோச் ஆனாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறீர்கள். நான் எப்படி வாயைத் திறப்பது? என் ஆட்டம் போனது போகட்டும். அவனாவது ஆடட்டும்.

சொன்னதில் குற்றம் இருந்தால் மகன் சொன்னதாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளவும். அத்தைக்கு என் வணக்கத்தையும் கல்யாணப் பெண்ணுக்கு என் ஆசியையும் சேர்க்கவும்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
தங்கமுத்து

பின்குறிப்பு: இது தண்டாயுதபாணி அண்ணனுக்கு மட்டும். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கும்படி உறையின் மேல் எழுதியிருந்ததைக் கவனித்திருப்பீர்கள். மேலே உள்ளதில் ஒரு வரியும் மாமாவுக்கு வாசிக்க வேண்டாம். எழுதி முடித்ததும் சாலம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "அந்தப் பூட்ஸுக்காவ எங்கப்பாரு மூணு மாசம் தறிய உட்டு எந்திரிக்கலீங்க. பார்சல் வந்துருச்சுன்னு சங்ககிரி டேசனுக்கு நடந்தே போயி, மண்ணு படக்கூடாதுன்னு தலையில வெச்சுட்டு வந்தாருங்க" என்றாள். ஏழு வருஷமாக அவளும் இதை என்னிடம் சொல்லவில்லை. கடிதத்தைக் கிழித்துப்போட மனம் வரவில்லை; யாராவது ஒருவருக்குத் தெரியட்டும் என்றுதான் அனுப்புகிறேன். மாமாவிடம் இவ்வளவே வாசியுங்கள்: "பூட்ஸ் வரவழைக்கவும், சின்ன மாப்பிள்ளை கால் அளவு எட்டு." அவனுக்கு ஆறுதான், எட்டு என் அளவு. சகலைக்குப் பெரிதாக இருக்கிறது, நானே போட்டுக்கொள்கிறேன் என்று மாட்ச் அன்றைக்குச் சொல்லிவிடுவேன். கோட்டோரம் எலுமிச்சம்பழத்தோடு நிற்கிறவனுக்குப் பூட்ஸ் இடைஞ்சல் இல்லை. ஒரு வரிச் சேதிக்கு இத்தனை பக்கமா என்று மாமா கேட்டால், மீதி முழுவதும் பூட்ஸின் பெருமை என்று சொல்லிவிடுங்கள்.