அண்ணியின் வேனில் நான் தொங்கவிட்ட அடுப்பு

பாதி தெரிந்தவன் கையில் ஒரு பென்சில் கிடைத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. எங்கள் வீட்டில் பாதி தெரிந்தவன் சோமு என்கிற நான்தான். நான் கவிழ்த்தது ஒரே ஒரு பானை. ஆனால் அதற்குள் நாற்பது பேருக்கான தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் அருகில் உட்கார்ந்திருந்தவரோ எங்கள் குடும்பத்தின் பிழைப்பைத் தீர்மானிக்க வந்தவர்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் பட்டறையில் வரைபடங்களை நகல் எடுக்கும் வேலை. அதாவது, பெரியவர்கள் வரைந்த படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, அவர்கள் போட்ட கோட்டின் மேலேயே நானும் கோடு போடுவேன். சொந்தமாக ஒரு கோடு போட்டதில்லை. ஆனாலும் சிராங்கூன் ரோட்டில் யாராவது "என்ன வேலை?" என்று கேட்டால், "ஷிப் டிசைன்" என்பேன். (கேட்டவர் மேற்கொண்டு எதையும் கேட்டுவிடக் கூடாதே என்று முருகனை வேண்டிக்கொள்வேன்.)

நாரிஸ் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் அண்ணன் ராஜமாணிக்கம், அண்ணி பாக்கியம் ஆகியோருடன் இருந்தேன். அண்ணன் ஒரு பழைய வேன் வைத்திருந்தார். அதை அவர் ஓட்ட, பின்பக்கத்தில் அண்ணி தேநீரும் வடையும் விற்பார். அப்போது ஜூரோங்கில் குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தை மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் செம்மண்ணும் தொழிலாளர்களும்தான். வியாபாரத்துக்குக் குறைவில்லை. குறை நேரத்தில்தான். சங்கு ஊதினால் பத்து நிமிடம் ஓய்வு. வேனை நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் கொதிப்பதற்குள் அந்தப் பத்து நிமிடம் முடிந்துவிடும். வீட்டிலேயே போட்டு எடுத்துப் போனால், போய்ச் சேரும்போது கஷாயமாகியிருக்கும்.

அதனால் அண்ணி ஒரு வழி செய்திருந்தார். ஓடும் வேனிலேயே அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு பாதங்களாலும் அதை அணைத்துப் பிடித்து, பானையின் காதுகளை ஈரத்துணியால் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருவார். ஒருநாள் அவர் சேலைத் தலைப்பை இழுத்து மூடியபோது முழங்கைவரை கொப்புளங்களைப் பார்த்துவிட்டேன்.

"என்ன அண்ணி இது?"

"வேன் குதிக்குது, நானும் குதிக்கிறேன், தண்ணி மட்டும் சும்மா இருக்குமா? ஏன் தம்பி, கப்பல்ல எல்லாம் அடுப்பு எப்படி நிக்குது?"

அந்தக் கேள்வியைத்தான் நான் வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. கப்பலின் திசைகாட்டியை இரண்டு வளையங்களுக்குள் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு வளையம் முன்னும் பின்னும் ஆடும், மற்றது பக்கவாட்டில் ஆடும். கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் திசைகாட்டி மட்டம் மாறாது. இதை ஒரு படத்தில் நகல் எடுத்திருக்கிறேன். உடனே பென்சிலை எடுத்தேன். மூன்று நாளில் படம் தயார். தலைப்பை ஆங்கிலத்தில் போட்டு, கீழே என் கையெழுத்தும் போட்டேன்.

அண்ணி படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"பானை எங்க தம்பி இதுல?"

"அது மேல வரும் அண்ணி."

"மேலயா?"

"பானை சின்ன விஷயம் அண்ணி. வளையம்தான் முக்கியம்."

(உண்மை என்னவென்றால், பானையின் வளைவு எனக்குச் சரியாக வரைய வரவில்லை.)

ஜாலான் புசாரில் இரும்பு ஒட்டும் பட்டறை வைத்திருந்த ஆ கொங்கும் அதையே கேட்டார். "பானையைக் கொண்டு வா, வச்சுப் பாக்கலாம்லா" என்று, ஊரில் எல்லோரும் பேச்சின் கடைசியில் ஒட்டும் 'லா'வோடு மலாயில் சொன்னார். எனக்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது. படம் இருக்கும்போது பானை எதற்கு? "படத்தில் உள்ளபடி செய்யுங்கள்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் படத்தில் உள்ளபடியே செய்தார். ஒரு நூல் பிசகவில்லை. பாவம், அவர்மேல் பழிபோடக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அந்த வாரம்தான் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. அதுவரை வேலைத்தளத்தின் வேலிக்கு வெளியே நின்று விற்றுக்கொண்டிருந்தோம். இனி ஒரே ஒரு வேனை மட்டும் உள்ளே விடப்போவதாக மேற்பார்வையாளர் லிம் சொன்னார். சங்கு ஊதும்போது தேநீர் சூடாகத் தயாராக இருக்க வேண்டும். அதுதான் நிபந்தனை. அதைக் கண்ணால் பார்க்க, திங்கட்கிழமை வழியில் எங்கள் வேனில் ஏறிக்கொள்வதாகவும் சொன்னார்.

நான் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு வேனில் ஏறினேன். லிம் முன்பக்கம் அண்ணனோடு உட்காரப் போனார். விட்டேனா? கையைப் பிடித்து இழுத்துவந்து, அடுப்புக்கு அருகில் இருந்த பெஞ்சில் உட்காரவைத்தேன். பெரிய உருவம், வெள்ளைச் சட்டை, முட்டிவரை ரப்பர் பூட்ஸ்.

தார் சாலையில் வேன் ஓடியது. அடுப்பு எரிந்தது. மேலே நிறைபானை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"பாருங்க, அசையவே இல்லை!" என்றேன் பெருமையாக.

அசையாததற்குக் காரணம் பிற்பாடுதான் புரிந்தது. புது போல்ட்டுகள் இறுக்கமாக இருந்ததால் வளையங்கள் சுழலவே இல்லை. தரையில் வைத்த அடுப்பைப்போல விறைத்துக்கொண்டு நின்றன. நான் என் கண்டுபிடிப்பு வேலை செய்வதாக நினைத்து, லிம்முக்குப் புவியீர்ப்பு விசையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

செம்மண் சாலை வந்தது. வேன் குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு நட்டு கொஞ்சம் தளர்ந்தது. ஐந்தாவது பள்ளத்தில் என் வளையங்கள் முதன்முறையாக, மிக அழகாக, எண்ணெய் போட்டதுபோலச் சுழன்றன. கனமான பொருள் கீழேதான் வரும் என்பதை லிம்முக்கு அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். பானை அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். எங்கள் மூவருக்கும் வணக்கம் வைப்பதுபோல மெல்லத் தலைகுனிந்தது. பிறகு ஒரேயடியாகக் கவிழ்ந்தது.

"பானாஸ்! பானாஸ்!" என்று லிம் அலறினார். சூடு என்பதற்கு மலாயில் அதுதான் சொல். அவர் துள்ளிய வேகத்தில் தலை வேன் கூரையில் மோதியது. பாதித் தேநீர் தரையில், மீதி அவருடைய இடது பூட்ஸுக்குள். கவிழ்ந்த அடுப்பிலிருந்து மண்ணெண்ணெய் வழிந்து, பலகையில் நீலமாகத் தீ ஓடியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வரைபடச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி கத்தவில்லை. பெஞ்சுக்குக் கீழிருந்து நனைந்த கோணிச்சாக்கை இழுத்துத் தீயின்மேல் போட்டு, அதன்மேல் ஏறி மிதித்தார். தீ அணைந்தது. அடுத்த நொடி லிம்மின் காலடியில் உட்கார்ந்து, பூட்ஸை ஒரே இழுப்பில் கழற்றி, கிளாஸ் கழுவ வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் அவர் காலை அமிழ்த்தினார். பிறகுதான் முன்பக்கத் தகரத்தைத் தட்டி, "வண்டிய நிறுத்துங்க" என்று அண்ணனிடம் சொன்னார். சாதாரணக் குரலில், கடை வந்துவிட்டது என்பதுபோல.

"சாக்கை எப்ப அண்ணி நனைச்சு வச்சீங்க?" என்று கேட்டேன்.

"காலையிலயே. நீ செஞ்ச அடுப்பாச்சே தம்பி."

லிம் தொட்டிக்குள் காலை விட்டபடி என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். கால் நன்றாகச் சிவந்திருந்தது. நல்லவேளை, கொப்புளம் வரவில்லை. அண்ணி ஒரு தட்டில் நான்கு வடையை வைத்து அவரிடம் நீட்டினார். திட்டுவதற்காக வாயைத் திறந்தவர், மணம் வந்ததும் கொஞ்சம் யோசித்தார். முதல் வடையைக் கோபமாகத் தின்றார். இரண்டாவதைச் சாதாரணமாகத் தின்றார். நான்காவதைத் தின்றுவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினார்.

"டீ எங்கே?" என்றார் மலாயில்.

"ஒரு வாரம் கொடுங்க. இதே வேன்ல, இதே ரோட்டுல, சூடா வரும்" என்றார் அண்ணி.

லிம் என்னைச் சுட்டிக்காட்டினார். "இந்த ஆள் வருவானா?"

"வர மாட்டான்."

"அப்ப சரிலா."

மறுநாள் அண்ணி நிறைபானைத் தண்ணீரோடு ஜாலான் புசாருக்குக் கிளம்பினார். ஒரு காதை அவரும் ஒரு காதை நானும் பிடித்து நடந்தோம். வழியெல்லாம் நான் தளும்பவிட்டேன், அவர் பக்கம் தளும்பவில்லை. பட்டறையில் பானையை இறக்கிவிட்டு, அண்ணன் முன்பே வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்த என் அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, பிள்ளையத் தொட்டிலுக்குள்ள போடுவாங்களா, தொட்டில் மேல வைப்பாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. வளையங்கள் இருந்த உயரத்துக்குமேல் அடுப்பு, அதற்கும்மேல் பானை. கனமெல்லாம் தலையில். திசைகாட்டி வளையங்களுக்குள் தாழ்ந்து தொங்கும் என்பது நான் நகல் எடுத்த படத்திலேயே இருந்தது. கோட்டைப் பார்த்தேனே தவிர அதை நான் பார்க்கவில்லை. ஆ கொங் சிரித்த சிரிப்பில் பட்டறையே அதிர்ந்தது.

அண்ணி சொல்லச் சொல்ல அவர் செய்தார். வளையங்களுக்குக் கீழே ஆழமான இரும்புக் கூடை. அதற்குள் அடுப்பு, அதன்மேல் கழுத்துவரை இறங்கி உட்காரும் பானை. கூடையின் அடியில் கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. போல்ட்டுகள் தளராமலிருக்க இரட்டை நட்டு. (இரட்டை நட்டு என் யோசனை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) முடிந்ததும் அண்ணனை வேனை எடுக்கச் சொல்லி, பட்டறைக்குப் பின்னால் இருந்த பள்ளச் சந்தில் நான்குமுறை போய்வந்தார். நானும் உள்ளே இருந்தேன். வேன் சாய்ந்தது, நான் சாய்ந்தேன், அண்ணியின் கொண்டை சாய்ந்தது. பானையில் இருந்த தண்ணீர் மட்டும் கண்ணாடிபோல நின்றது. அதைப் பார்த்து எனக்கு ஏனோ கண் கலங்கியது. அண்ணியோ, "வடைச்சட்டிக்கும் ஒண்ணு சின்னதா செஞ்சிடலாமா?" என்று ஆ கொங்கிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை சங்கு ஊதியபோது முதல் கிளாஸ் லிம்மின் கையில் இருந்தது. முன்பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாராம். அதன்பிறகு பல வருஷம் அந்த வேன் ஜூரோங்குக்குள் போய்வந்தது. அண்ணியின் கையில் புதுக் கொப்புளம் எதையும் நான் பார்க்கவில்லை. மற்ற வேன்காரர்கள் வந்து குனிந்து பார்த்து, அதேபோலச் செய்துகொண்டார்கள். அண்ணி யாரையும் தடுக்கவில்லை. "பானையக் கொண்டுபோய்ச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

நானும் பிற்பாடு உண்மையாகவே வரைபடக்காரன் ஆனேன். முப்பது வருஷம் சொந்தக் கோடு போட்டுச் சம்பாதித்தேன். அதெல்லாம் வீட்டில் செல்லாது. இன்றைக்கும் நான் "கணக்குப் போட்டுட்டேன்" என்று சொன்னால் போதும், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வார்கள். மருமகள் வந்த முதல் வாரமே கற்றுக்கொண்டுவிட்டாள்.

போன தீபாவளிக்கு செங்காங்கில் மகன் வீட்டில் கூடியிருந்தோம். சுவரில் புதிதாக ஒரு தட்டு மாட்டினார்கள். தாங்குமா என்று மகன் கேட்க, நான் வாய் தவறி, "அதெல்லாம் கணக்குப் போட்டுட்டேன்" என்றேன். அவ்வளவுதான். சோபா முழுக்கக் கால்கள் மேலே போயின. அண்ணிக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, முட்டிவலியில் காலை அசைக்க முடியாது. பக்கத்தில் இருந்த பேத்தியை அவசரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் காலையும் கொஞ்சம் தூக்கி வையி. சோமு கணக்குப் போட்டுட்டான்லா."