என்னை நாலு முறை சாகடித்த பக்கெட்டுக்காரர்

ஆரணியில் என்னை நாலு முறை சாகடித்த ஒரே மனிதர் பக்கெட்டுக்காரர்தான். நாலு முறையும் பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க.

அவருடைய தொழில் ஸ்டவ் ரிப்பேர். தெருமுனையில் சின்னதாக ஒரு கடை. தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ வேலையாக வேலூர் போனவர், அங்கே நடந்த தீத்தடுப்புப் பயிற்சியில் அரை நாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். அந்த அரை நாள் எங்கள் தெருவை எட்டு வருஷம் ஆட்டிவைத்தது. மறுநாளே வீட்டுக்கு வீடு ஏறி ஓட்டை பக்கெட்டுகளைக் கேட்டு வாங்கினார். அடி ஒட்டி, சிவப்பு பெயின்ட் அடித்து, மணல் நிரப்பி, வாசலுக்கு ஒன்றாக வைத்துவிட்டார்.

"சுவரோட சுவரு ஒட்டிகினு கீற தெரு இது. உள்ள பூரா தறி, நூலு. ஒரு வூட்ல பத்திகினா ஒம்போது வூடு போயிடும், சொல்லிட்டேன்!"

அப்போது தெரு நலச்சங்கத்தின் செயலாளர் நான். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவன். வேறு யாரும் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். ஒரு தெருவிளக்குக்காக நகராட்சிக்கு எத்தனையோ மனு எழுதி, செருப்புத் தேய நடந்தவன். விளக்கு எரிந்த அன்று ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இந்த மனிதர் விசில் ஊதினால் மட்டும் தெருவே வரிசையில் நின்றது! தெருவில் தீப்பிடிக்குமோ பிடிக்காதோ, என் வயிறு அன்றே பற்றிக்கொண்டது.

மாதம் ஒரு ஞாயிறு ஒத்திகை. விசில் சத்தம் கேட்டு நூறு எண்ணுவதற்குள் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வராதவர் கணக்கில் செத்தவர். முதல் தடவை நான் பாதி முகம் சவரம் செய்த நிலையில் ஓடிவந்தேன். பக்கெட்டுக்காரர் கையிலிருந்த நோட்டைப் பார்த்து, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"செக்ரட்டரி சார், நீங்க செத்துட்டீங்க. அடுத்த தபா ஜல்தியா வாங்க."

தெருவே சிரித்தது. இரண்டாவது தடவை செருப்பைத் தேடியதால் செத்தேன். மூன்றாவது தடவை வீட்டைப் பூட்டப் போனதால். நாலாவது தடவை நூறு சரியாக எண்ணப்படவில்லை என்று உள்ளே நின்று வாதாடியதால். என் மனைவி சரோஜாவோ எல்லா ஒத்திகையிலும் முதல். அவளுக்குப் பரிசாக ஒரு விசில் கொடுத்து, "அம்மாதான் நம்ம தெருவுக்கு ஒண்ணாம் நம்பர்" என்றார். நான் கூப்பிட்டால் ஒரு டம்ளர் காபிக்கு அரை மணி நேரம் ஆக்குகிறவள், அவர் விசிலுக்குப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பறந்தாள்.

பொறுக்கமாட்டாமல் சங்கத்தின் பெயரில் நானே ஒரு பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டேன். நோட்டீஸ், மைக், சால்வை, வெளியூர்ப் பேச்சாளர். ஆறு பேர் வந்தார்கள். அதே நேரத்தில் பக்கெட்டுக்காரர் தெருமுனையில் ஒரு தட்டில் கிருஷ்ணாயிலை ஊற்றிக் கொளுத்தி, ஈரச் சாக்கால் அணைக்கக் கிழவிகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறு பேரும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் பேச்சாளரும் போனார். எட்டிப் பார்த்தால், நான் போர்த்திய சால்வையைத் தோளில் ஒதுக்கிவிட்டு, "எனக்கு ஒரு தபா குடுங்க" என்று சாக்கு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்றோடு அவரை வீட்டு வாசல்படி ஏறவிடவில்லை. வீட்டுக்கு வீடு இலவசமாக ஸ்டவ்வைப் பிரித்து வாஷர் மாற்றுவார். "எங்க ஸ்டவ்வுக்கு ஒரு கோளாறும் இல்ல" என்று திருப்பி அனுப்பினேன். போதாததற்கு, வாசலில் அவர் வைத்த மணல் பக்கெட்டில் பிரண்டை நட்டேன்.

ஒரு ஞாயிறு காலை. கேஸ் தீர்ந்துவிட்டது. சரோஜா பக்கத்து வீட்டில் ஏகாம்பரத்தின் தறியில் ஓடிக்கொண்டிருந்த முகூர்த்தப் புடவையைப் பார்க்கப் போயிருந்தாள். நானே காபி போடுவதென்று பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, டிகாஷன் இறக்கப் போட்டுவிட்டு, பாலை ஏற்றிப் பலமாக பம்ப் அடித்தேன். அடியிலிருந்து கிருஷ்ணாயில் பீய்ச்சியது. அடுத்த நொடி ஸ்டவ் முழுக்கத் தீ. ஜன்னல் திரையும் பிடித்துக்கொண்டது. அது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் இருந்த ஜன்னல்; அந்தப் பக்கம்தான் ஏகாம்பரத்தின் தறி. நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன்.

அப்போதுதான் திரும்பி வந்த சரோஜா வாசலிலிருந்து அலறினாள்: "தண்ணி ஊத்தாதீங்க! மண்ணு, மண்ணு!"

ஓடிப்போய் பக்கெட்டைத் தூக்கிவந்து பிரண்டையோடு ஸ்டவ்வின் மேல் கவிழ்த்தேன். அதற்குள் அவள் விசிலை ஊதிவிட்டாள். தெரு வந்தது. ஒருவர் மெயின் சுவிட்சை அணைத்தார். இருவர் மணலோடு வந்தார்கள். ஒருத்தி ஈரச் சாக்கால் திரையை அடித்துக் கீழே தள்ளினாள். அந்தப் பக்கம் ஏகாம்பரத்தின் அம்மா ஜன்னலைச் சாத்தி நனைத்த சாக்கைத் தொங்கவிட்டாள். யாரும் யார் மேலும் மோதவில்லை. டிகாஷன் இறங்கி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புடவையில் ஒரு பொறிகூட விழவில்லை. சேதம் திரை, ஸ்டவ், என் இடது புருவம்.

"எல்லாம் பக்கெட்டண்ணன் புண்ணியம்" என்றாள் ஏகாம்பரத்தின் அம்மா.

"அவர் ஊர்லயே இல்லையேம்மா! கல்யாணத்துக்கு தேவிகாபுரம் போயிருக்கார்!" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. வராமலேயே பேர் வாங்கும் மனிதரோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

மத்தியானம் பக்கெட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி, சேதி கேட்டு நேராக ஓடிவந்தார். ஸ்டவ்வுக்காக அவரிடம் நாலு வார்த்தை திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றேன். அவர் ஸ்டவ் பக்கமே திரும்பவில்லை. கரி பிடித்த சுவரைத் தடவிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"எட்டு வருஷமா காத்துகினு இருந்தேன் சார். நம்ம ஜனங்க நெசமாவே வருவாங்களான்னு ஒரே ஒரு தபா கண்ணால பார்க்கணும்னு. நான் இல்லாத நேரம் பார்த்து உங்க வூட்ல நெருப்பு வந்துட்சே! நீங்க பார்த்துட்டீங்க."

அந்தப் பார்வை எனக்குத் தெரியாததா? எட்டு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்ததுதான். அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"யார் சார் மொதல்ல வந்தது? எவ்ளோ எண்றதுக்குள்ள?"

"யாரும் எண்ணலீங்க."

"எண்ணலியா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பம்ப் அடித்ததிலிருந்து ஜன்னலில் சாக்கு தொங்கியது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். "இன்னொரு தபா சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். அப்புறமும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை சொல்லும்போது தீயை உத்தரம் வரைக்கும் ஏற்றினேன். அவர் முகம் மலர்ந்தது.

அவருக்காக இன்னும் கொஞ்சம் பெரிதாகவே எரிந்திருக்கலாம் என்று தோன்றியது, என் சொந்த வீடு.