ஒன்றரைக் கலோரி வேலை

ஓட்வார் மறுபடியும் பியானோவில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். பியானோ அசையவில்லை. அசைந்தது ஓட்வார்தான், அதுவும் பின்பக்கமாக. மெழுகு போட்ட மரத்தரையில் கம்பளிக் காலுறை வழுக்க, மனிதர் மெல்ல மெல்ல நீண்டு கடைசியில் குப்புறப் படுத்துவிட்டார்.

"கால்ல விழுந்து கெஞ்சினா அது மனசு இரங்கிடுமா, வாத்தியாரே?" என்றாள் அவர் மனைவி சிக்ரூன், காப்பியை உறிஞ்சிக்கொண்டே.

"சிரிக்காத. இது உனக்காகப் படுற பாடு."

அது உண்மைதான். இரண்டு நாளைக்கு முன்னால் குடியிருப்புச் சங்கத் தலைவி யொருன் மாடிப்படியில் சிக்ரூனை நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தாள்: "உங்க பியானோ சத்தத்தைப் பத்தி ஒருத்தர் வருத்தப்பட்டாரு. யாருன்னு கேக்காதீங்க. திங்கக்கிழமை கூட்டம். அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா பியானோ வெளிய போக வேண்டியதுதான்."

யாரென்று கேட்கவே வேண்டாம். அந்தக் கட்டடத்தில் அவர்களுக்குக் கீழே இருப்பது ஆஸ்முண்ட் ஒருவர்தான். விடியற்காலை முதல் பேருந்தை ஓட்டுகிறவர். ஊர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவர் தூங்கப் போவார். சிக்ரூன் பியானோ முன்னால் உட்காருவதும் அப்போதுதான். போன வருடம் குழாய் உடைந்து தண்ணீர் கீழே ஒழுகியபோது போய்ப் பார்த்திருந்தார்கள். அவருடைய கட்டில் பியானோவுக்கு நேர் கீழே கிடந்தது.

சிக்ரூன் அன்றிரவு சாப்பிடவில்லை. ஐம்பது வயதுக்குமேல் கற்றுக்கொண்டு, இப்போதுதான் இரண்டு கையும் சேர்ந்து வாசிக்கிறாள். "அது போனா இந்த வீட்டுல நான் என்னத்துக்கு?" என்று அழுதுவிட்டாள். அப்போது முடிவு செய்தார் ஓட்வார். தாழ்வாரத்தின் மறு கோடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்குக் கீழே ஆஸ்முண்ட் மீன்பிடிச் சாமான்களைத்தான் போட்டு வைத்திருக்கிறார். பியானோவை அங்கே கொண்டுபோய்விட்டால் அந்த மனிதருக்குத் தூக்கம், இவளுக்குச் சங்கீதம்.

"கீழ போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துட்டா என்ன?" என்றாள் சிக்ரூன்.

"கேக்குறதா? நம்ம மூஞ்சியப் பாத்துச் சொல்லக் கூச்சப்பட்டுத்தானே அவர் யொருன்கிட்ட போயிருக்காரு. நாம போய் நின்னா மனுஷன் கூசிப் போயிடுவாரு."

எங்கள் ஹாமர் ஊர் இப்படித்தான். பக்கத்து வீடு தீப்பிடித்து எரிந்தால்கூடக் கதவைத் தட்டலாமா, தொந்தரவாக நினைப்பார்களோ என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தட்டுவோம்.

"அப்ப என் தம்பிங்களக் கூப்பிடு."

"கூப்பிட்டா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவானுங்க, சாக்பீசைத் தவிர எதையும் தூக்காதவன்னு. வேண்டாம். நான் பௌதிக வாத்தியார். கணக்குப் போட்டுத் தள்ளுறேன்."

ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஓட்வார் விரலால் எழுதினார். பியானோ இருநூற்று முப்பது கிலோ. மரத்துக்கும் மரத்துக்கும் உராய்வுக் குணகம் பூஜ்யம் புள்ளி நான்கு. தள்ள வேண்டிய விசை தொள்ளாயிரம் நியூட்டன். தூரம் ஏழு மீட்டர். பெருக்கினால் ஆறாயிரத்து முந்நூறு ஜூல்.

"அதாவது எவ்வளவு?"

"சாப்பாட்டுக் கணக்குல ஒன்றரைக் கலோரி! பாலாடைக்கட்டியில எலி ஒரு கடி கடிச்சா முடிஞ்சுது!"

"அப்ப அந்த எலியையே கூப்பிடேன்" என்றாள் சிக்ரூன்.

ஓட்வார் காலுறையைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "பியானோவோட உராய்வைக் கணக்குப் போட்டேன். என்னோட உராய்வப் போடல. அது வழுக்குறதுக்கு முந்தி நான் வழுக்குறேன். பூட்ஸ் போட்டுட்டு வரேன்."

"வீட்டுக்குள்ள பூட்ஸா?" சிக்ரூன் எழுந்தே விட்டாள். "நான் உயிரோட இருக்குற வரைக்கும் நடக்காது."

அதற்குமேல் பேச்சில்லை. எங்கள் ஊரில் ராஜாவே விருந்துக்கு வந்தாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஓட்வார் காலுறையைக் கழற்றி வெறுங்காலை ஊன்றி, பல்லைக் கடித்துத் தள்ளினார். பியானோ ஒரு விரற்கடை நகர்ந்தது. நகர்ந்தபோது போட்ட கிரீச் சத்தம் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஐயோ, ஞாயித்துக்கிழமை!" என்று சிக்ரூன் காதைப் பொத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆணி அடித்தாலே கட்டடம் முழுக்க முறைக்கும். "இருக்குற பியானோவோட நம்மளையும் சேத்து வெளிய அனுப்பிடுவாங்க!"

"சத்தமே உராய்வுதான். உராய்வக் குறைச்சாச் சத்தமும் குறையும்" என்ற ஓட்வார், தரை கழுவுகிற பச்சைச் சோப்பைக் கொண்டுவந்து பியானோவுக்கு முன்னால் தாராளமாக ஊற்றினார். சோப்புக்குப் பியானோவின் கால் எது, வாத்தியாரின் கால் எது என்று வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த தள்ளலில் அவர் உட்கார்ந்தபடியே சமையலறை வாசல்வரை போய்ச் சேர்ந்தார்.

"நீ நல்லா நகர்ற. அதுதான் நகர மாட்டேங்குது" என்றாள் சிக்ரூன். ஆனால் இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டே, "விட்டுடு ஓட்வார். போனாப் போகட்டும்" என்றாள் சின்னக் குரலில்.

அந்தக் குரல்தான் அவரைக் கிளப்பிவிட்டது. "விடுறதா? உயிரே போனாலும் விட மாட்டேன்!" என்று நிலவறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜோடிப் பனிச்சறுக்குப் பலகையும், வாசலில் பனிக்கட்டி உடைக்கிற கடப்பாரையும் இருந்தன.

கடப்பாரையால் அவர் ஒவ்வொரு பக்கமாக நெம்ப, சிக்ரூன் கீழே பலகைகளைச் செருகினாள். தாழ்வாரத்தில் நீளமாகக் கம்பளி விரிப்பு கிடந்தது. ஓட்வார் தள்ளினார். பியானோ சத்தமே இல்லாமல் கிளம்பியது.

"போகுது! சிக்ரூன், போகுது!"

போனதுதான் தப்பு. பாதித் தாழ்வாரம் தாண்டியதும் அது அவரை விட்டுவிட்டுத் தனியாகவே போக ஆரம்பித்தது. சின்ன அறை வாசலில் கோணலாக மோதி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கிக்கொள்ள, எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் முனகின.

"கொஞ்சம் பின்னால இழுத்து நேராக்கு" என்றாள் சிக்ரூன்.

ஓட்வார் இழுத்தார். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கம்பளி விரிப்புதான் சுருண்டு வந்தது. ஓட்வார் குனிந்து பலகையின் அடியைத் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"செதில் வச்ச பலகை" என்றார்.

மலையேறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க, அடியில் மீன் செதில்போல வெட்டுப் போட்ட பலகை அது. முன்னால் போகும், பின்னால் வராது. பிறந்ததிலிருந்து பனியில் சறுக்குகிற மனிதர், வீட்டுக்குள் வந்ததும் இதை மறந்துபோனார்.

"இத உங்க புத்தகத்துல எப்படிக் கணக்குப் போடுவாங்க?"

"முன்னால போக ஒரு குணகம், பின்னால வர ஒரு குணகம். ரொம்ப சுவாரசியமான விஷயம், அதாவது..."

"ஓட்வார்!"

"சரி. பின்னால வராதுன்னா முன்னாலதான் போகணும்."

அவர் கடப்பாரையை எடுத்துக் கதவு நிலையின் ஒரு பக்கத்தைப் பெயர்த்தார். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், டமால் டமால் என்று. சிக்ரூன் தடுக்கவில்லை. அவளும் ஒருவிதமாகத் துணிந்துவிட்டாள். வாசலுக்குப் போனாள், அவருடைய பூட்ஸைக் கொண்டுவந்தாள், அவர் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்கோ" என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அவள் அவர்மேல் இவ்வளவு அன்பு காட்டியதில்லை. ஓட்வார் பூட்ஸை மாட்டி, தரையில் காலை அழுத்தி ஊன்றி, ஒரே மூச்சில் தள்ளினார். பியானோ உள்ளே போய்ச் சுவரில் முட்டி நின்றது.

அறை ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. தாழ்வாரமெல்லாம் மரத்தூள், சோப்பு நுரை, பூட்ஸ் தடம். அரை ரொட்டியும் ஒரு முழுப் பாலாடைக்கட்டியும் தீர்ந்திருந்தன. சிக்ரூன் நாற்காலியை இழுத்துப்போட்டு வாசித்தாள். ஓட்வார் நின்று கேட்டார். அவருக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் கண் கலங்கியது.

வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் ஆஸ்முண்ட். தூங்கப்போகிற உடையில், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் அவர் இந்தப் படி ஏறியதே இல்லை.

"பனி இன்னும் விடல போல" என்றார்.

"ஆமா, விடல" என்றார் ஓட்வார்.

இருவரும் அவரவர் கால்களைப் பார்த்தார்கள்.

"யொருன்கிட்ட சொன்னது நான்தான்" என்றார் ஆஸ்முண்ட், காது சிவக்க. "சொன்ன அன்னிக்கே மனசு உறுத்திடுச்சு. அவங்க பியானோ என்னால போயிடக் கூடாதேன்னு."

"நீங்க கவலையே படாதீங்க!" ஓட்வார் நெஞ்சை நிமிர்த்தினார். "அந்தக் கோடி ரூமுக்குத் தள்ளிட்டோம். இனி நாங்களே நெனச்சாலும் பழைய இடத்துக்குத் திரும்பி வராது. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

ஆஸ்முண்ட் தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தார். பெயர்ந்த கதவு நிலையைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். பிறகு, மனது நோகக் கூடாதே என்று மிக மெதுவாகச் சொன்னார்:

"நேத்து நாள் பூராவும் தள்ளி, என் கட்டில அந்த ரூமுக்கு நேர் கீழ கொண்டு போட்டேன்."